இப்போது வரும் வீடியோ கேமில் புதுமையும் சவாலும் போய்விட்டதா? கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரி நாலு ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் 2004 முதல் 2012 வரை கேம் சென்டர் வைத்திருந்தேன். நான்கு டிவி, நான்கு பிளேஸ்டேஷன் 2, அப்புறம் ஆறு கம்ப்யூட்டர். இப்போது அதே இடத்தில் செல்போன், லேப்டாப் சர்வீஸ் செய்கிறேன். அன்று மணிக்குப் பத்து ரூபாய் கொடுத்து விளையாடிய பையன்கள் இன்று ஓசூரிலும் பெங்களூரிலும் வேலையில் இருக்கிறார்கள். ஊருக்கு வந்தால் டிஸ்பிளே மாற்ற என்னிடம்தான் வருவார்கள். உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் பேச்சு அங்கே வந்துவிடும்: "அந்தக் காலத்து கேம் மாதிரி வராதுண்ணா. இப்போ எல்லாம் ஒரே மாதிரி, எல்லாம் ஈஸி." வாயால் பதில் சொல்லும்போது நடுவில் யாராவது சார்ஜர் கேட்டு வந்துவிடுகிறார்கள், பாதி விட்டுப்போகிறது. அதனால் எழுதி வைக்கிறேன்.

ஒரே வரியில் சொல்லுங்கள் அண்ணா. புதுமையும் சவாலும் போய்விட்டதா, இல்லையா?

போகவில்லை. ஆனால் நம் ஊரில் பெரும்பாலானவர்கள் கைக்கு வருகிற கேம்களில் அது குறைந்திருப்பது உண்மை. காரணம், கேம் செய்கிறவனுக்குக் காசு வரும் வழி மாறிவிட்டது. கீழே நான் சொல்வதெல்லாம் இதைச் சுற்றித்தான் இருக்கும்.

பழைய கேம் ஏன் அவ்வளவு கஷ்டமாக இருந்தது?

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் காசு போட்டு ஆடும் பெரிய மெஷின் இருந்தது நினைவிருக்கும். மஞ்சள் தொப்பி போட்ட முஸ்தபா எல்லாரையும் உதைப்பாரே, அதற்கு நாம் வைத்த பெயரே 'முஸ்தபா கேம்'தான். ஜப்பானின் கேப்காம் கம்பெனி 1993ல் செய்தது, உண்மைப் பெயர் 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்'. ஒரு ரூபாய் போட்டவன் அரை மணி நேரம் நின்று ஆடினால் மெஷின்காரனுக்கு என்ன கிடைக்கும்? இரண்டு மூன்று நிமிஷத்தில் ஆள் சாக வேண்டும், 'தொடரவா?' என்று திரையில் எண் இறங்க வேண்டும், பையன் பாக்கெட்டைத் தடவ வேண்டும். அதற்காகவே அளந்து வைத்த கஷ்டம் அது.

வீட்டு டிவியில் மாட்டுகிற கேம் வந்தபோதும் அந்தப் பழக்கம் கூடவே வந்தது. இன்னொரு காரணமும் உண்டு. அன்று அமெரிக்காவில் கேம் கேசட்டை வார இறுதிக்கு வாடகைக்கு எடுப்பார்கள். சனி, ஞாயிறில் முடித்துவிட்டால் யார் விலை கொடுத்து வாங்குவார்கள்? 1994ல் வந்த 'கான்ட்ரா: ஹார்ட் கார்ப்ஸ்' ஜப்பானில் விற்றபோது மூன்று அடி வாங்கினால்தான் ஒரு லைஃப் போகும். அமெரிக்காவுக்குப் போன அதே கேமில் ஒரே அடியில் போய்விடும்.

கேமும் சின்னது. 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' 1985ல் வந்தபோது அதன் மொத்த அளவு 40 கேபி. இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு காலை வணக்கப் படம் அதைவிடப் பெரிது. அந்தச் சின்ன இடத்தில் 32 ஸ்டேஜ் வைத்தார்கள். இடம் போதாமல், மேகத்துக்கு வரைந்த அதே படத்துக்குப் பச்சை நிறம் கொடுத்துப் புதராக்கினார்கள். பார்த்ததில்லை என்றால் இன்றைக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டும் ஒரே உருவம்தான். இவ்வளவு சின்ன கேமை ஒரு பையன் மாதக் கணக்கில் ஆட வேண்டுமென்றால், அவன் அடிக்கடி தோற்று முதலிலிருந்து வந்தாக வேண்டும்.

நமக்கு மட்டும் கூடுதலாக ஒரு எதிரி இருந்தான்: கரண்ட் கட். அந்த மரியோவில் சேவ் கிடையாது. எட்டாவது உலகம் வரை போய், அடாப்டர் கொதிக்கக் கொதிக்க உட்கார்ந்திருக்கும்போது விளக்கு அணையும். கண் முன்னால் டிவி ஒரு புள்ளியாகச் சுருங்கும். அந்த வயிற்றெரிச்சல் எந்த நாட்டு கேம் கம்பெனியும் கணக்கில் வைத்ததில்லை.

ஆனால் மரியோவில் யாரும் எதையும் சொல்லித் தரவில்லையே. இப்போது எல்லாவற்றுக்கும் அம்புக்குறி போட்டுக் காட்டுகிறார்களே?

மரியோவிலும் சொல்லித்தான் தந்தார்கள், எழுத்தில்லாமல். முதல் ஸ்டேஜின் முதல் பத்து நொடியை எடுத்துக்கொள்ளுங்கள். மரியோ இடது பக்கம் நிற்கிறான், வலது பக்கம் காலி. வலப்பக்கம் போக வேண்டும் என்று ஒரு வார்த்தை இல்லாமல் புரிந்துவிடுகிறது. ஒரு காளான் பொம்மை முறைத்தபடி வருகிறது. பேசாமல் நின்றால் சாவு. எதையாவது அமுக்குவோம், குதிப்பான், தற்செயலாக அதன் தலையில் விழுந்தால் அது நசுங்கும். பாடம் ஒன்று முடிந்தது. மேலே கேள்விக்குறிப் பெட்டியை முட்டினால் நல்ல காளான் வெளியே வந்து வலது பக்கம் ஓடும், பச்சைக் குழாயில் மோதித் திரும்பி நம்மிடமே வரும். தலைக்கு மேல் செங்கல் வரிசை இருப்பதால் பயந்து குதித்தாலும் முட்டிக்கொண்டு அதன் மேலேயே விழுவோம். விழுந்தால் மரியோ பெரியவனாகிறான். பாடம் இரண்டு. இதை யோசித்து வைத்தவர் ஷிகெரு மியாமோட்டோ. நான் பதினோரு வயதில் இதை ஆடியபோது ஒருவர் கைபிடித்துக் கூட்டிப் போகிறார் என்று எனக்குத் தெரியவே இல்லை.

இன்றைய பெரிய கேம்களில் பலவற்றில் ஏறவேண்டிய ஏணிக்கும் உடைக்கவேண்டிய பெட்டிக்கும் மஞ்சள் பெயின்ட் அடித்து வைக்கிறார்கள். 2023ல் வந்த 'ரெசிடென்ட் ஈவில் 4' ரீமேக்கில் இது பெரிய பேச்சானது. செய்கிறவர்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. பழைய கேமில் திரையில் பத்துப் பொருள்தான், எது முக்கியம் என்று பார்த்தாலே தெரியும். இப்போது ஒரு அறைக்குள் நிஜ வீடு மாதிரி ஆயிரம் சாமான். எதைத் தொடலாம், எது வெறும் அலங்காரம் என்று கண்ணுக்குத் தெரியாது. அது சரி. ஆனாலும் மஞ்சள் பெயின்ட் எனக்குப் பிடிக்கவில்லை. தேடிக் கண்டுபிடிக்கும் சந்தோஷத்தை அது எடுத்துவிடுகிறது. இந்தப் புகாரில் உங்கள் பக்கம்தான் நான் நிற்கிறேன்.

எல்லாம் பாகம் 5, பாகம் 6, இல்லையென்றால் பழைய கேமையே புதிதாகச் செய்யும் ரீமேக். புதிதாக யோசிக்க ஆளே இல்லையா?

பெரிய கம்பெனிகளைப் பற்றிச் சொன்னால் இது பெரும்பாலும் உண்மை. 'கால் ஆஃப் டியூட்டி' 2005லிருந்து வருஷம் தவறாமல் ஒன்று வருகிறது. கால்பந்து கேமும் அப்படித்தான். 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' 2013ல் வந்தது, 2014ல் மெருகேற்றி ஒரு முறை, 2022ல் மறுபடி செய்து ஒரு முறை. ஒரே கதைக்கு மூன்று முறை விலை.

ஏன் இப்படி ஆனது என்பதற்கு, ஊர் முழுக்கக் கார் ஓட்டிச் சுற்றும் ஜிடிஏ வரிசையைப் பாருங்கள். மூன்றாம் பாகம் 2001, வைஸ் சிட்டி 2002, சான் ஆண்ட்ரியாஸ் 2004. நான்கு வருஷத்துக்குள் மூன்று கேம். அடுத்தது 2008, அதற்கடுத்தது 2013. அதன்பின் பத்து வருஷம் தாண்டியும் ஆறாம் பாகம் வரவில்லை. படம் நிஜமாகத் தெரியத் தெரிய, ஒரு தெரு வரைய ஆகும் ஆளும் நாளும் கூடிக்கொண்டே போகிறது. ஆயிரம் பேர் ஐந்தாறு வருஷம் உழைத்துப் பல நூறு கோடி போட்ட கேம் ஓடாமல் போனால் கம்பெனியே மூடவேண்டி வரும். அதனால் ஏற்கெனவே ஓடின பெயரைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். கிணறு வெட்டக் கடன் வாங்கினவன் ஏற்கெனவே தண்ணீர் வந்த இடத்துக்குப் பக்கத்திலேயே போர் போடுவது மாதிரி. அவர்களுக்குக் கற்பனை வற்றிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். துணிவதற்கு ஆகும் செலவு தாங்கமுடியாததாகிவிட்டது.

அந்தக் காலத்தில் காப்பி இருந்ததே இல்லை, இல்லையா?

இருந்தது, நிறையவே. 1980ல் 'பேக்-மேன்' ஓடியதும் உலகம் முழுக்கப் புள்ளி தின்கிற கேம்கள் முளைத்தன. 1993ல் 'டூம்' வந்தபின் துப்பாக்கி பிடித்து ஓடும் கேம் எல்லாவற்றையும் சில வருஷம் 'டூம் காப்பி' என்றே பத்திரிகைகள் எழுதின. 1982ல் ஒரு சினிமா பெயரை வைத்து 'ஈ.டி.' கேமை ஐந்து வாரத்தில் செய்து விற்றார்கள். விற்காமல் போன கேசட்டுகளை நியூ மெக்சிகோவில் குப்பை மேட்டில் புதைத்தார்கள், 2014ல் தோண்டி எடுத்தும் காட்டினார்கள். அப்படிப்பட்ட சரக்கு குவிந்ததும் ஒரு காரணம், 1983ல் அமெரிக்காவில் வீட்டு வீடியோ கேம் வியாபாரமே சரிந்தது.

இவ்வளவு தூரம் போக வேண்டாம். நாம் வாங்கின மஞ்சள் கேசட்டை நினைத்துப் பாருங்கள். மேலே '9999999 இன் 1' என்று அச்சடித்திருக்கும். உள்ளே போனால் ஏழெட்டு கேம். அதே மரியோ நான்கு பெயரில், மூன்றாவது ஸ்டேஜிலிருந்து தொடங்குகிற மாதிரி ஒன்று, நிறம் மாற்றி ஒன்று. நாம் அந்தப் பட்டியலைப் பக்கம் பக்கமாகத் தள்ளி, எங்காவது புதிதாக ஒன்று வருமா என்று தேடியிருக்கிறோம். ஆக அன்றும் ஒரே மாதிரிதான். மோசமானதை மறந்து நல்ல நான்கை மட்டும் மனசில் வைத்திருக்கிறோம்.

சரி, உண்மையிலேயே கஷ்டமான கேம் இப்போது யார் செய்கிறார்கள்?

ஜப்பானில் ஃப்ரம்சாஃப்ட்வேர் என்ற கம்பெனி. 2009ல் அவர்கள் செய்த 'டீமன்ஸ் சோல்ஸ்' கேமைச் சோனி அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்கவே மறுத்தது. இவ்வளவு கஷ்டத்தை யார் ஆடுவார்கள் என்ற சந்தேகம். வேறு கம்பெனி எடுத்து விற்றது, ஓடியது. அந்த வழியில் 'டார்க் சோல்ஸ்' 2011, 'செகிரோ' 2019, 'எல்டன் ரிங்' 2022. கடைசியில் சொன்னது 2.5 கோடிப் பிரதிக்கு மேல் விற்றிருக்கிறது. கஷ்டமான கேமுக்கு ஆள் இல்லை என்ற பேச்சு அதோடு முடிந்தது என்பது என் எண்ணம்.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது சின்னக் குழுக்கள். 'ஹாலோ நைட்' 2017ல் வந்தது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள், பொதுமக்களிடம் 57,000 ஆஸ்திரேலிய டாலர் அளவுக்குத் திரட்டித் தொடங்கியது. அதன் அடுத்த கேம் 'சில்க்சாங்' 2025 செப்டம்பர் 4ல் வெளியானபோது, வாங்க வந்த கூட்டத்தில், கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமே சிறிது நேரம் படுத்துவிட்டது.

பென்னாகரத்திலிருந்து பாலிடெக்னிக் படிக்க வரும் ஒரு தம்பி, என் கடை லேப்டாப்பில் மதிய இடைவேளையில் ஹாலோ நைட் ஆடுவான். மூன்று கும்பிடுபூச்சித் தலைவர்களோடு சண்டை வரும் இடம். முதலில் ஒருவர் மட்டும் இறங்குவார். அவரைத் தோற்கடித்தால் மற்ற இருவரும் சேர்ந்து இறங்குவார்கள். ஒன்பது நாள் தோற்றான். மூன்றாம் நாளில் திட்டினான், ஐந்தாம் நாளில் பேச்சு நின்றது. ஆறாம் நாள் பார்த்தேன், அவன் அடிக்கவே இல்லை. அவர்கள் எந்தத் தோளைத் தூக்கினால் எந்தப் பக்கம் பாய்கிறார்கள் என்று வெறுமனே தப்பித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தான். பத்தாம் நாள் ஜெயித்தான். ஜெயித்ததும் அந்த மூன்று பேரும் அவனுக்குத் தலை வணங்குவார்கள், அதன்பின் அந்த ஊர்ப் பூச்சி எதுவும் அவனைத் தொடாது. பையன் கீபோர்டிலிருந்து கையை எடுத்துத் தொடையில் துடைத்துக்கொண்டான், கை நடுங்கியது. 1997ல் கான்ட்ரா முடித்தபோது என் கையும் அப்படித்தான் இருந்தது.

ஈஸி மோட் வைத்து ஆடுவது ஏமாற்று வேலை இல்லையா?

இல்லை. 1986ல் 'கிரேடியஸ்' கேமை வீட்டு மெஷினுக்கு மாற்றிக்கொண்டிருந்த கசுஹிசா ஹாஷிமோட்டோவுக்கே அதை முடிக்க முடியவில்லை. சோதித்துப் பார்ப்பதற்காகத் தனக்கென்று ஒரு குறுக்குவழி வைத்தார்: மேலே, மேலே, கீழே, கீழே, இடது, வலது, இடது, வலது, பி, ஏ. அதே வரிசையைத்தான் நாம் பிறகு கான்ட்ராவில் போட்டு 30 லைஃப் வாங்கினோம். செய்தவருக்கே தேவைப்பட்டது, நமக்குத் தேவைப்பட்டால் என்ன?

2018ல் வந்த 'செலஸ்ட்' மலையேறும் கேம், மிகக் கஷ்டம். எத்தனை முறை செத்தோம் என்று எண்ணிக் காட்டும், அந்த எண்ணிக்கைக்குப் பெருமைப்படச் சொல்லும். அதே கேமில் வேகத்தைப் பாதி வரை குறைத்துக்கொள்ள வசதி உண்டு. கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் பாலிஷ் பட்டறை வேலையில் இரண்டு விரல் இழந்த நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. எழுபது சதவீத வேகத்தில் அந்த மலை உச்சிக்கு ஏறினார். அவர் ஏறியது மலை இல்லை என்று யாராவது என் கடையில் சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

என் பையன் நாள் முழுக்கப் போனில் பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் என்று துப்பாக்கிச் சண்டை ஆடுகிறான். அதில் சவால் இருக்கிறதா தம்பி? (பாலக்கோட்டிலிருந்து வந்த ஒரு அக்கா கேட்டது)

இருக்கிறது அக்கா. எதிரே மனுஷன் ஆடினால் சவால் குறையாது. ஆனால் புதிதாகச் சேர்ந்தவன் ஆரம்பத்தில் சுட்டுத் தள்ளுவதில் நிறையப் பேர் மனுஷரே இல்லை, கம்ப்யூட்டர் ஓட்டும் பாட். முதலிலேயே ஜெயிக்க வைத்து உட்கார வைக்கிறார்கள். அப்புறம் டயமண்ட், யூசி (இரண்டும் கேமுக்குள் செல்லும் காசு), ஸ்கின் (ஆளுக்கும் துப்பாக்கிக்கும் போடும் அலங்காரம்) என்று காசு கேட்கும். 'கேண்டி கிரஷ்' இன்னும் வெளிப்படை. ஐந்து லைஃப், தீர்ந்தால் ஒன்றுக்கு அரை மணி நேரம் காத்திரு, இல்லையென்றால் பணம் கட்டு. பஸ் ஸ்டாண்டு மெஷின் காசு போட்ட பிறகுதான் ஆட விட்டது. இவர்கள் இலவசமாக விட்டுப் பழக்கிய பிறகு கேட்கிறார்கள். முஸ்தபாவிடம் தோற்றால் என் பாக்கெட்டில் இருந்த இரண்டு ரூபாயோடு முடிந்தது, இதற்கு உங்கள் ஜிபே வரைக்கும் கை நீள்கிறது. பிளே ஸ்டோரில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கிற மாதிரி வையுங்கள். போனைக் கொண்டுவந்தால் நானே வைத்துத் தருகிறேன்.

புதுமை இருந்தால் கஷ்டமாகவும் இருக்க வேண்டுமா?

இரண்டும் வேறு வேறு. நம் பக்கம் பாறையிலும் கோயில் திண்ணையிலும் ஆடு புலி ஆட்டக் கட்டம் செதுக்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 3 புலி, 15 ஆடு. பல தலைமுறையாக அதே கட்டம், புதிதாக ஒன்றும் சேர்க்கவில்லை. இன்றும் ஆடு வைத்து ஆடினால் வியர்க்கும். அது சவால்.

மறுபக்கம் 'வெண்பா' கேம், 2023. கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பம், 1980களின் கடைசியில் தொடங்கும் கதை. அம்மா எழுதித் தந்த சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்துபோயிருக்கிறது. விட்டுப்போன வரியை நாம்தான் ஊகிக்க வேண்டும். இட்லித் தட்டை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாக் குழிக்கும் போகும் என்பது அதில் ஒரு புதிர். நம் வீட்டு அம்மாக்களுக்கு அரை நொடி வேலை. இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், கஷ்டம் கிடையாது. ஆனால் இதற்கு முன் இப்படி ஒரு கேம் வந்ததில்லை. 2024ல் பிரிட்டனின் பாஃப்டா விருதில் சிறந்த அறிமுக கேம் என்று வாங்கியது. மகன் தமிழில் பேசக் கூச்சப்படும் இடத்தில் நான் கேமை நிறுத்திவிட்டு வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தேன்.

என்னிடம் சாதாரண போனும் பழைய லேப்டாப்பும்தான் இருக்கிறது. எதில் தொடங்கலாம்?

போனில்: 'பேப்பர்ஸ், ப்ளீஸ்'. எல்லைச் சாவடியில் பாஸ்போர்ட் சரிபார்க்கும் குமாஸ்தா வேலை. தாலுகா ஆபீஸில் வரிசையில் நின்றவர்களுக்கு உடனே பிடிக்கும், இந்த முறை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்போம். லூகாஸ் போப் என்ற ஒருவர் 2013ல் செய்தது, 2022லிருந்து போனிலும் வருகிறது. அடுத்தது 'பாபா இஸ் யூ', விதிகளையே சொற்களாக நகர்த்தி மாற்றும் புதிர். 'பலாட்ரோ' 2024, சீட்டுக்கட்டை வைத்து ஒருவர் தனியாகச் செய்தது, பணம் கட்டும் சூதாட்டம் இல்லை.

லேப்டாப்பில்: செலஸ்ட், ஹாலோ நைட். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமலே பெரும்பாலான லேப்டாப்பில் ஓடும். ஸ்டீமில் தள்ளுபடி நாள் வரும் வரை பொறுத்தால் சில நூறு ரூபாய்க்குள் முடியும். ஒரு முறை வாங்கினால் போதும், அப்புறம் காசு கேட்காது.

பெரிய கேம்கள் எல்லாம் வேண்டாம் என்கிறீர்களா?

இல்லை. எல்டன் ரிங் பெரிய கேம்தான். 2017ல் வந்த செல்டா, 'பிரெத் ஆஃப் தி வைல்ட்', அம்புக்குறியைக் குறைத்து, கண்ணுக்குத் தெரியும் மலையெல்லாம் ஏறலாம் என்று விட்டது. பாகம் வரிசையில் வந்த கேம்தான் அதுவும். பெயரில் எண் இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்காதீர்கள்.

அண்ணா, அந்த மஞ்சள் கேசட் இன்னும் வைத்திருக்கிறீர்களா?

மூன்று இருக்கிறது, ஒன்று ஓடுகிறது. தட்டை டிவியில் படம் கொஞ்சம் மங்கலாக வரும், பழைய பெட்டி டிவி ஒன்றைப் பழுது பார்த்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மேல் கூட்டம் இருக்காது, வாருங்கள். இரண்டாவது கன்ட்ரோலரில் ஏ பட்டன் சரியாக அமுங்காது. அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.